ஐந்து வருடம் சட்டம் படித்த பிள்ளையிடம் ஒரு பட்டமும் இல்லை

என் அக்காவின் மகள் இங்கே ஜேர்மனியில் ஐந்து வருடத்துக்கு மேல் சட்டம் படித்தாள். இங்கே சட்டப் படிப்பை முடித்துவைப்பது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, முதலாவது அரச சோதனைதான். போன மாதம் அதில் இரண்டாம் தடவையும் தவறிவிட்டாள், அதுவும் சில தசமப் புள்ளிகளால். ஒருமுறைதான் திரும்ப எழுதலாம் என்பது சட்டம். ஆக இன்று அவளிடம் இருக்கிற ஆகப் பெரிய சான்றிதழ் பள்ளிக்கூடத்தில் எடுத்த அபிட்டூர் என்ற பள்ளி இறுதிச் சான்றிதழ்தான்.

அவள் படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சட்ட மாணவர்கள் எல்லாரிடமும் செங்கல் பருமனில் ஒரு சிவப்புச் சட்டத் தொகுப்பு இருக்கும். தாள்கள் கழற்றிப் பூட்டுகிற மாதிரி இருக்கும். சட்டம் மாறினால் புதுத்தாள்கள் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்க எண்ணை வாசிக்க, அவள் பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கோர்ப்பாள். வெங்காயத் தோல் போன்ற தாள், கிழிந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாள். அரச சோதனையில் ஒவ்வொன்றும் ஐந்து மணித்தியால எழுத்துத் தாள், அப்படி ஆறு. பல்கலைக்கழகப் படிப்பு போதாதென்று வெளியில் காசு கட்டி ரியூசன் வேறு. அத்தனையும் வெறும் கையோடு முடிந்தது.

1999ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனியா நகரில், உயர்கல்விப் பட்டங்களை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர 29 நாடுகள் கையெழுத்து வைத்தன. ஜேர்மனியும் அதில் ஒன்று. வருடத்துக்கு 60 கிரெடிட் என்ற படிப்புப் புள்ளிகள், 180 சேர்ந்தால் இளமாணிப் பட்டம், அதற்கு மேல் முதுமாணி என்ற ஒழுங்கு அதன் பிறகுதான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பொறியியல், பொருளாதாரம் எல்லாம் மாறின. சட்டத்துறையோ அசையவில்லை.

அரச சோதனையை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. நீதிபதிக்கும் வழக்கறிஞருக்கும் அரச வழக்குத் தொடுநருக்கும் ஒரே அளவுகோல் என்பது பெரிய விஷயம். எழுத்துச் சோதனைத் தாளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நீளமான தமிழ்ப் பெயர் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது அதற்கு முன்னால் ஒரு படி, ஒரு இளமாணிப் பட்டம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதற்குப் பொலோனியா பொருந்தாது என்கிறார்கள். 2003இல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு மோர்கன்பெஸ்ஸர் வழக்கு வந்தது. பிரான்ஸில் சட்டம் படித்த பெண், இத்தாலியின் ஜெனோவாவில் வழக்கறிஞர் பயிற்சிக்குப் பதியப் போனார். இத்தாலியப் பட்டம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பட்டம் எந்த நாட்டது என்று மட்டும் பார்த்துத் தள்ள முடியாது, அவர் என்ன கற்றிருக்கிறார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டில் படித்தவரின் அறிவை எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிற ஐரோப்பாவில், உள்ளூரில் ஐந்து வருடம் படித்து, பாடச் சோதனைகள் எல்லாம் சித்தியடைந்த பிள்ளையின் அறிவுக்கு எடையே இல்லையா?

வழி இல்லாமல் இல்லை. பொட்ஸ்டாம் போன்ற சில பல்கலைக்கழகங்களில் அரச சோதனைக்குப் போகிற வழியிலேயே இளமாணிப் பட்டமும் கிடைக்கிறது. அதை எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். அவளுடைய பல்கலைக்கழகத்தில் அவள் படித்த காலத்தில் அது இருக்கவில்லை.

நேற்றிரவு ஒரு காப்புறுதி நிறுவன வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, ஆகக்கூடின பட்டம் என்னெண்டு கேட்டிருக்கு. என்ன எழுத?"