பன்னிரண்டரைக்கு மேல் பிள்ளை எங்கே இருக்கும்?

மூன்று நாட்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று இரவு திருச்செந்தூரிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டு, "அந்தப் படத்தில் இருப்பது நம் பாப்பாதானே அக்கா?" என்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆமாம், என் மகள்தான். அவளுடைய முன்பள்ளியின் பெற்றோர் குழுவில் பள்ளிக்காரர்களே போட்ட படம் எத்தனை கை மாறியதோ, உங்களில் பலரும் பார்த்துவிட்டீர்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகில் பை. ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொன்று படிக்குக் கீழே கிடக்கிறது. அதோடு வந்த அறிவுரையையும் படித்திருப்பீர்கள். பெற்றோரின் அலட்சியம் பிஞ்சு மனதைக் காயப்படுத்துமாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய சின்னங்கள். "சரியாகச் சொன்னீர்கள் மேடம்" என்று நான்கு பேர். அந்த நான்கு பேரில் இருவருடைய பிள்ளைகளுக்கு என் வீட்டில், என் கையால் பிறந்தநாள் கேக் ஊட்டியிருக்கிறேன்.

இரண்டு வயது நான்கு மாதப் பிள்ளை. அவள் முகத்தை மறைக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அலட்சியம் என்ற சொல் யாருக்குப் பொருந்தும்?

முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகப் போனேன். உண்மை. தினமும் பன்னிரண்டரைக்குக் கீழ்வீட்டு ஆச்சிதான் அவளை அழைத்து வருவார். அன்று ஆச்சிக்குக் கண் பரிசோதனை. பதினொன்றரைக்கு போன் செய்து, "இங்கே பெருங்கூட்டமாக இருக்கிறது தாயி, நேரத்துக்கு வர முடியாது போலிருக்கிறது" என்றார். என் கணவருக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். கங்கைகொண்டானிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேர மூன்று மணி ஆகும். நான் போய் எங்கள் அலுவலக சாரின் மேஜை முன்னால் நின்றேன். அனுமதி கிடைக்கும்போது பன்னிரண்டு இருபது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. கீழே தாமிரபரணி போகிறது, மேலே நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு போன் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் அங்கே படம் எடுத்திருக்கிறார்கள்.

என் வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை. என் பிள்ளையின் பள்ளி ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது. அந்த ஆறு மணி நேரம் என் பிள்ளை எங்கே இருக்க வேண்டும்? எனக்கு அறிவுரை சொல்லும் எல்லோரிடமும் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

தேடாமல் பேசவில்லை. தச்சநல்லூரில் எங்கள் வீட்டைச் சுற்றி நடந்தே தேடினேன். ஜங்ஷன், டவுன் பக்கமும் அலைந்தேன். முன்பள்ளிகளுக்குக் குறைவில்லை. சுவரில் வண்ண யானை, வாசலில் சறுக்குமரம், ஆண்டுக் கட்டணம் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை. எல்லாம் மதியத்தோடு முடிந்துவிடும். மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு கிடைத்தன. மகாராஜநகர் பக்கம் ஒன்றில் மாதம் 7,500, ஐந்து மணி வரை. பெருமாள்புரத்தில் ஒன்றில் மாதம் 9,000, ஆறரை வரை, சாப்பாடு தனி, சேர்க்கைக்கு 10,000. என் சம்பளம் 16,500 ரூபாய்.

"அங்கன்வாடியில் விடலாமே" என்று கேட்டவர்களுக்கு: விட்டேன், ஒன்றரை மாதம். அங்கிருந்த டீச்சர் தங்கமானவர். எடை பார்ப்பார், முட்டையை உரித்துப் பிட்டுக் கொடுப்பார், பாட்டுச் சொல்லித் தருவார். ஆனால் அந்த மையமும் மாலை வரை இல்லை. சாப்பிட்டதும் பெரும்பாலான பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், மிஞ்சியிருப்பது என் பிள்ளை மட்டும். நாலு மணிக்குள் கதவைச் சாத்தியாக வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலை, கணக்கெடுப்பு என்று அந்த டீச்சரை வாரத்தில் ஒரு நாளாவது வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு உதவியாளர் ஒருவரே சமையலையும் பார்த்து இருபது பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அங்கேயும் என் கேள்விக்குப் பதில் இல்லை.

சட்டம் இருக்கிறது என்று ஒரு நண்பர் நேற்று எழுதியிருந்தார். இருக்கிறது. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டத்தில் 26 வாரச் சம்பள விடுப்பு வந்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் வந்தது. எங்கள் அலுவலகத்தில் 22 பேர். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கணக்கர் அலுவலகம், சின்ன மருத்துவமனை என்று இந்த ஊரில் பெண்கள் வேலை பார்க்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை இடத்தில் 50 பேர் இருப்பார்கள்? மத்திய அரசின் காப்பகத் திட்டமும் ஒன்று இருந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாட்கள். 2022 முதல் அதைப் பால்னா என்று பெயர் மாற்றி அங்கன்வாடிகளோடு சேர்க்கிறார்கள். ஏழரை மணி நேரம் என்று படித்ததும் எனக்கு அழுகையே வந்தது. அப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று நான் விசாரித்த மூன்று இடங்களிலும் கையை விரித்துவிட்டார்கள்.

இனி, என்னை மிகவும் சுட்ட வார்த்தைக்கு வருகிறேன். "எங்கள் அம்மாக்கள் எல்லாம் காப்பகம் தேடினார்களா? வீட்டிலேயே வேலையும் பார்த்துப் பிள்ளையும் வளர்க்கவில்லையா?" என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், மரியாதையும் உண்டு. அதனால்தான் வலிக்கிறது.

அண்ணாச்சி, என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றி எங்கள் மூன்று பேரையும் வளர்த்தவர். வீட்டிலேதான் இருந்தார். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். உத்தரத்தில் தம்பியின் தொட்டில் தொங்கும். தொட்டில் கயிற்றின் நுனியைத் தன் கால் பெருவிரலில் கட்டியிருப்பார். கை இலையைச் சுருட்டி நூல் கட்டும், கால் தொட்டிலை ஆட்டும். தம்பி அழுதால் பெருவிரல் வேகமாக அசையும், கை நிற்காது. ஏனென்றால் ஆயிரம் எண்ணிக்கை சேர்ந்தால்தான் கூலி. தொட்டிலுக்குக் கீழே தரையெல்லாம் புகையிலைத் தூள். தம்பிக்கு மூன்று வயது வரை இருமல் நிற்கவே இல்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் நிற்கவில்லை. மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது. "பாப்பாவை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வா" என்று சொல்கிறீர்களே, அந்த அம்மாதான் இவர்.

பெண்கள் கூடி வேலை செய்யும் பீடிக் கூடங்களில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று அறை வேண்டும் என்று 1966ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். என் அம்மாவுக்கு அது எட்டவே இல்லை. வேலைதான் வீட்டுக்குள் வந்துவிட்டதே. ஒரு கால் பெருவிரலே காப்பகமாக இருந்தது. அதை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தவள். என்னால் அதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

"சம்பளத்தில் பாதி காப்பகத்துக்கே போனால் வேலை எதற்கு?" இதையும் கேட்டார்கள். வாடகை 6,500. பிரசவத்தின்போது வைத்த நகை இன்னும் மீளவில்லை. இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு என் வேலை பிடிக்கும். மாதம் இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கை ஒரு பைசா பிசகாமல் முடித்துக் கொடுப்பவள் நான். மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டுப் போனால் இந்த நாற்காலி எனக்காகக் காத்திருக்காது. என் கணவரைப் பார்த்து இந்தக் கேள்வியை இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே திட்டியவர்கள்கூட "அம்மா" என்றுதான் திட்டினார்கள். அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து, கண் எரிய எரியப் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறார். அவரும் பெற்றோர்தான்.

பள்ளியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலையாக எழுதினேன் என்ற பேச்சு வேண்டாம். வாடகை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, பன்னிரண்டரை என்று எழுதி வாங்கித்தான் சேர்த்தார்கள். சரி. தாமதத்துக்கு 200 ரூபாய் கேட்டிருந்தால் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்திருப்பேன். படம் எதற்கு?

அந்தப் படத்தை மறுபடி உற்றுப் பாருங்கள். இடது ஓரத்தில் பச்சைச் சேலையின் முந்தானை கொஞ்சம் தெரியும். அது பள்ளியில் வேலை பார்க்கும் அக்காவுடையது. என் பிள்ளை தனியாக இல்லை. அவர் ஒரு நிமிடம்கூட நகரவில்லை. அவரை விலக்கிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். நான் ஓடிப்போய் நின்றபோது அவர் தன் தூக்குவாளியைத் திறந்து, குழம்பு படாத பக்கமாகப் பார்த்துச் சோற்றை எடுத்து, விரலால் நசுக்கி அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "காரம் தாங்க மாட்டாள் என்று வெறும் சோறாகக் கொடுத்தேன் அம்மா, கோபிக்காதீர்கள்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவர் சம்பளம் 5,500 ரூபாய். அவருடைய மகன் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்து பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் தானே திறந்துகொள்வானாம். இங்கேதான் என் மனம் முட்டிக்கொண்டு நிற்கிறது. மாலை ஏழு மணி வரை என் பிள்ளையைப் பார்க்க அவரைப் போன்ற ஒருவர் வேண்டும். அவருக்கு நியாயமான சம்பளம் கொடுத்தால் எனக்குக் கட்டாது. எனக்குக் கட்டும்படி வைத்தால் அவருக்குப் பட்டினி. எங்கள் இரண்டு பேர் பையிலிருந்தும் மட்டுமே இதற்குப் பணம் வர வேண்டும் என்றால் இது ஒருநாளும் நடக்காது. அரசு உள்ளே வர வேண்டும்.

உடனே "எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டுமா?" என்று வருவீர்கள். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். அன்றைக்கு அது நம் திருநெல்வேலி மாவட்டம். பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவர்கள் பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளை வரைக்கும் வந்தது. 2022இல் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அந்தப் பாலத்தில் நான் நின்றதும் அப்படி ஒரு பஸ்ஸில்தான். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். கங்கைகொண்டானில் புதிதாக வந்த சோலார் ஆலையில் பெரும்பாலும் பெண்கள். நம் பிள்ளைகள்தான், இருபது, இருபத்திரண்டு வயது. நாளை அவர்களுக்குக் கல்யாணமாகும், கையில் குழந்தை வரும். அப்போது அவர்களும் ஒரு பூட்டிய கதவின் முன்னால் மூச்சிரைக்க வந்து நிற்க வேண்டுமா? வேலைக்குப் போகச் சொல்லி பஸ் விட்டவர்கள், பிள்ளையை எங்கே இறக்கிவிடுவது என்று சொல்ல வேண்டாமா?

கோபம் எங்கெங்கோ போகிறது, நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பள்ளிக்கு இனி அவளை அனுப்பப் போவதில்லை. கட்டிய பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று முதல் அவள் செருப்புப் போட்டாலே "படியில உக்கார மாட்டேன்" என்கிறாள்.

ஆச்சிக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த மாதம் பத்தாம் தேதி. அதற்குள் இடம் வேண்டும். தச்சநல்லூர், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, எந்தப் பக்கமானாலும் சரி. மாலை ஏழு மணி வரை. மாதம் 6,000 வரை என்னால் முடியும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்காக்கள், ஆச்சிகள் இருந்தாலும் நேரில் வந்து பேசுகிறேன். பிள்ளை தொந்தரவு செய்ய மாட்டாள். மதியம் ரசம் சாதம் கொடுத்தால் போதும், தூங்கும்போது சேலை நுனி ஒன்று கையில் வேண்டும். தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். அந்தப் படம் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள்.