தவறிய தடுப்பூசி தவறியதுதானா? அந்த ஃபார்வர்டை நம்பாதீர்கள்

"குழந்தைக்கு ஒரு தவணை தடுப்பூசி தவறினால் முன்பு போட்டதெல்லாம் வீண், ஒரு வயது தாண்டிவிட்டால் போடுவதே ஆபத்து, காலாவதியாகப் போகும் மருந்தை ஏழை நாடுகளில் தள்ளிவிடத்தான் விடுபட்ட ஊசிகளை இப்போது போடுகிறார்கள்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றுமே தவறு.

இடைவெளி எவ்வளவு நீண்டாலும் பொதுவாக முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உடல் பழைய தவணையை மறந்துவிடுவதில்லை. தட்டம்மை ஊசி ஒன்றுகூடப் போடாத குழந்தை மூன்று வயதில் வந்தாலும் போடலாம், குறைந்தது 4 வாரம் கழித்து இரண்டாவது. எல்லாவற்றுக்கும் இதே கணக்கு இல்லை என்பதும் சரிதான்: ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இரண்டு வயதுக்கு மேல் பரிந்துரைக்கப்படுவதில்லை, தொண்டை அடைப்பான் ஊசியில் 7 வயதுக்கு மேல் மருந்தளவு குறைவான வகை. ஃபார்வர்டு எழுதியவர் இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார் போல.

அப்புறம் அந்த "தள்ளிவிடும்" கதை. கொரோனா காலத்தில் பல நாடுகளில் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைபட்டது. 2019 முதல் 2021 வரை சுமார் 6.7 கோடிக் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டோ எல்லாமோ விடுபட்டதாக யூனிசெஃப் அறிக்கை சொல்கிறது. அதைச் சரிசெய்யத்தான் 2023 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், காவி (Gavi) என்ற உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு எல்லாம் சேர்ந்து முயற்சி தொடங்கின.

தாமதமான, விடுபட்ட தவணைகளுக்கான அட்டவணை உலக சுகாதார நிறுவன இணையதளத்திலேயே இருக்கிறது, பாருங்கள். தடுப்பூசி அட்டையோடு போனால் எது பாக்கி என்று சுகாதாரப் பணியாளரே சொல்லிவிடுவார், அட்டை தொலைந்திருந்தாலும் போகலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.