சுயாட்சி சேத்தியாத்தோப்பு வரைக்கும் வரணும்

போன வாரம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். கடலூரில் பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடி, வடலூர் தாண்டி சேத்தியாத்தோப்புக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கணும். வடலூர் தாண்டினதும் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் மேடு மேடாகத் தெரியும். பக்கத்து சீட்டில் இருந்த சென்னைப் பையன், "அது என்ன மலைண்ணா?" என்று கேட்டான். மலை இல்லை தம்பி, நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டின மேல்மண் என்றேன். உடனே போனில் படம் எடுத்துக்கொண்டான். முந்திரிக் கொல்லையும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையுமாக இருந்த மண் அது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மாமா வீட்டு வாசலில் பழைய இரும்புக் குழாய் ஒன்று இரண்டடி உயரத்துக்கு நிற்கிறது. தாத்தா போட்ட போர். நான் சின்னப் பையனாக இருந்தபோது அதற்கு மோட்டார் கிடையாது, தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் விரலிடுக்கில் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். இப்போது அதன் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், கோழிக்குஞ்சு உள்ளே விழாமல் இருக்க. "புதுப் போர்லயும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பைப்பு எறக்கிக்கிட்டேதான் இருக்கோம்யா" என்றார் அத்தை. சுரங்கம் ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் போர் போட்டதும் சேர்ந்துதான் இந்த நிலை. ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு கிடக்கிற தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் கரி வெட்டவே முடியாது. இல்லாவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் இரவு பகலாக பம்ப் ஓடுகிறது. தாத்தாவின் போரில் பொங்கிய தண்ணீரை மேலே தள்ளியதும் நிலத்தடியில் இருந்த அதே மாதிரி அழுத்தம்தான்.

அந்தக் கரி வெளியே தெரிந்த கதையும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் ஒன்றிய அரசின் என்எல்சி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது. இது நெய்வேலியைத் திட்டுகிற பதிவு இல்லை. என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். தென்மாநிலங்களில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்ததும் அந்தக் கரியால்தான். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. 2006-ல் அதன் பங்குகளை விற்கப் பார்த்தபோது கூட்டணியே உடையும் என்று கலைஞர் சொன்ன பிறகுதான் டெல்லி பின்வாங்கியது. 2013-ல் மறுபடி விற்க வந்தபோது ஜெயலலிதா அரசு 3.56 சதவீதப் பங்கை மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள் மூலமாக வாங்கியது. இரண்டு கட்சியும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். அந்த மரியாதையை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு என்று மூன்று இடங்கள். முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 5-ம் தேதி சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். 8-ம் தேதி அந்த மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். எங்கள் பக்கம் டீக்கடையில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாநிலம் ஒன்றாக நின்றால் டெல்லி இறங்கி வரும் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

மூன்றரை மாதம் கழித்து ஜூலை 26. அதே சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வாங்கி நின்ற நெல்லின் மேல் பொக்லைன் இறங்கியது. சுற்றிலும் காவலுக்கு நின்றது டெல்லி போலீஸ் இல்லை, தமிழ்நாடு போலீஸ். ஏப்ரலில் சட்டமன்றத்தில் எங்களுக்காகப் பேசிய அதே அரசின் போலீஸ். 28-ம் தேதி பாமக நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்து, கண்ணீர்ப்புகை குண்டு வீச்சு, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது, இழப்பீடும் கொடுத்தாயிற்று, மழைக்கு முன்னால் கால்வாய் வெட்டாவிட்டால் சுரங்கத்துக்கு ஆபத்து என்று நிறுவனம் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் எடுத்த நிலத்தைப் பத்து வருஷம் கிடப்பில் போட்டால் விவசாயி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? நட்டிருந்தான். அறுப்புக்கு இன்னும் எத்தனை வாரம்? அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அந்தக் காட்சியைப் பற்றி மனம் நொந்து பேசியதும், பயிருக்குத் தனியாக ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னதும் அதற்குப் பிறகு நடந்தது.

அன்றைக்கு டிவியில் அதைப் பார்த்த மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். அவருடைய நிலம் இல்லை அது. "கதிரு வந்த பயிருல கால வச்சு நடக்கக்கூட மாட்டோம்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் என்ன மாறியது என்று அப்போதிலிருந்து யோசிக்கிறேன். ஏப்ரலில் கை வைத்தது டெல்லி, அதனால் அது மாநில உரிமைப் பிரச்சினை. ஜூலையில் கை வைத்தது நம்முடைய சொந்தக் கை, அதனால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. என் மனசுக்கு இதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

கனிமம் பற்றிய அதிகாரம் அரசமைப்பில் பிரிந்து கிடக்கிறது. ஒன்றியப் பட்டியலில் 54-வது இனம் மேலே நிற்கிறது, மாநிலப் பட்டியலின் 23-வது இனம் அதற்குக் கட்டுப்பட்டது. நிலம் கையகப்படுத்தல் பொதுப் பட்டியலில் 42. கரி டெல்லியுடையது என்றாலும் நிலத்தை எடுத்துக் கொடுப்பது நம் வருவாய்த் துறை, நம் தாசில்தார், நம் சர்வேயர். 2013-ல் நாடாளுமன்றம் புது நிலச் சட்டம் கொண்டுவந்தது. பொதுத்துறை நிறுவனம் என்றால் 70, 80 சதவீதம் பேர் ஒப்புதல் தரணும் என்ற விதி அதில் இல்லைதான். ஆனால் நிலம் எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யணும், உள்ளூர் ஊராட்சியைக் கலந்து பேசணும், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கணும். தமிழ்நாடு என்ன செய்தது? 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிலுக்கு நிலம் எடுக்கும் நம்முடைய 1997-ம் ஆண்டுச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தோம். 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆட்சி மாறியது, விலக்கு மாறவில்லை. கிராமத்தைக் கேட்க வேண்டாம் என்ற அந்த உரிமையை டெல்லியிடமிருந்து நாம்தான் கேட்டு வாங்கினோம். யாரும் நம் தலையில் கட்டவில்லை.

ஒன்றிய-மாநில உறவை ஆராய 1969-ல் ராஜமன்னார் குழு அமைத்த மாநிலம் இது. 1974-ல் சட்டமன்றத்தில் சுயாட்சித் தீர்மானம் போட்ட மாநிலம். 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடி ஒரு குழு. மாநில சுயாட்சியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, அந்தத் தீர்மானத்தைப் படித்து வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையோடுதான் கேட்கிறேன்: அந்த அதிகாரம் கோட்டையோடு நின்றுவிட்டால் எங்கள் ஊருக்கு என்ன வித்தியாசம்? 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த எங்கள் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்குப் பிறகு ஊராட்சியைத் தனி அலுவலர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆளுநர் கையில் ஆட்சி போவதை எப்படி எதிர்க்கிறோமோ, அதே கோபம் இதற்கும் வரணும் இல்லையா?

இந்தோனேசியாவின் ஆச்சே ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26-ல் தேவனாம்பட்டினத்தை அடித்த அதே அலைதான் அவர்களையும் அடித்தது. 1971-ல் அங்கே அருன் என்ற இடத்தில் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடித்தார்கள். வாயு கப்பலேறி வெளிநாடு போனது, பணம் ஜகார்த்தா போனது. 1976-ல் விடுதலை இயக்கம் தொடங்கி, முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போர். சுனாமிக்குப் பிறகு 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேவுக்கு என்று எழுதினார்கள். ஆனால் அதற்குள் வயல் வற்றத் தொடங்கிவிட்டது. 2014-ல் கடைசி எரிவாயுக் கப்பலும் போய்விட்டது. சிறப்பு நிதி என்று பெரிய தொகை வந்தும், சுமத்ராவிலேயே வறுமை அதிகமுள்ள மாகாணம் என்ற பெயர்தான் மிஞ்சியது. பங்கு வருவதற்குள் பொருள் தீர்ந்துபோனது. வந்த பங்கும் ஊர்களின் வறுமையைத் தீர்க்கவில்லை. எங்கள் பக்கம் துப்பாக்கி இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் கரியும் ஒருநாள் தீரும். 600 மெகாவாட் கொடுத்த முதல் அனல் மின் நிலையத்தை 2020-ல் மூடியாயிற்று.

"அப்போ மின்சாரம் வேண்டாமா?" என்று கமென்ட்டில் கேட்பீர்கள், தெரியும். வேண்டும். கிராமத்தைக் கேட்டால் எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? 2013-ல் ஒடிசாவின் நியமகிரியில் சுரங்கம் தோண்டலாமா என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 12 கிராமசபைகளைக் கேட்டார்கள், 12-ம் மறுத்தன. அது அவர்கள் தெய்வமாகக் கும்பிடும் மலை. எங்கள் கதை வேறு. 1950களில் நிலம் கொடுத்த ஊர்கள் இங்கே உண்டு. வேலை, மாற்று மனைக்குப் பட்டா, தண்ணீர் என்று சொன்ன சொல் நிற்கும் என்று தெரிந்தால் இன்றைக்கும் பேசி முடிக்கலாம். 2022-ல் என்எல்சியின் 299 பொறியாளர் தேர்வுப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எங்கே என்று எழுந்த சத்தம் ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் இருந்தது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஏமாற்றம்.

பணமும் வராமல் இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு ராயல்டி 6 சதவீதம், அது மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. 2015-ல் வந்த திருத்தத்தின்படி, பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வருகிறது. கலெக்டர்தான் தலைவர். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி இல்லை, கனிமத்துக்கு வரி போட மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 1989-ல் தமிழ்நாடு தோற்ற இந்தியா சிமென்ட்ஸ் வழக்கின் தீர்ப்பையே அது மாற்றி எழுதிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நம் சட்டமன்றம் கனிம நில வரிச் சட்டம் நிறைவேற்றியது. நல்ல வெற்றி, கை தட்டுகிறேன். ஆனால் அந்த வரியில் நிலம் இழந்த ஊராட்சிக்கு நேராகப் போகும் பங்கு எவ்வளவு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அறக்கட்டளைப் பணத்தில் எந்த ஊரில் என்ன வேலை என்பதை அந்தந்த ஊர்க் கிராமசபை முடிவு பண்ண வேண்டும். 105-ஏ விலக்கை எடுத்துவிட வேண்டும். இதில் ஒன்றுக்காவது டெல்லியிடம் போய் நிற்க வேண்டுமா? எல்லாம் கோட்டையிலேயே முடிகிற வேலை.

2023 அக்டோபர் 2 கிராமசபையில் மாமா ஊரில் ஒரு தீர்மானம் எழுதினோம். அடுத்த இருபது வருஷத்துக்கு எந்தெந்த சர்வே எண் எடுக்கப்படும் என்ற வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலத்தடி நீர்மட்டத்தை அளந்து அதையும் ஒட்ட வேண்டும். இரண்டே கோரிக்கை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான்தான் அதைக் கொண்டுபோய் ஒரு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். இன்றுவரை பதில் இல்லை. வரைபடம் கிடைத்தால் மாமா ஒன்று முடிவு பண்ண முடியும்: கொல்லையில் பலாக்கன்று வைக்கலாமா, இல்லை வழக்கம்போல மல்லாட்டையே போட்டுக்கொண்டிருக்கலாமா என்று. பலா காய்க்கச் சில வருஷம் ஆகும். அந்த வருஷங்கள் தன் கையில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

முத்திரை போட்ட நகல் ரேஷன் கார்டோடு மஞ்சப்பையில் இருக்கிறது. வருகிற கிராமசபையில் அதையே மறுபடி எழுதப் போகிறோம். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் தீர்மான நோட்டு இருக்கும் இல்லையா. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊரிலும் அந்த வரைபடக் கோரிக்கையை எழுதுங்கள். வாசகம் வேண்டும் என்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.