சரிவில் ஒரு பட்டை புல்

லா கிராஸிலிருந்து தென்கிழக்கே அரை மணி நேரம் காரில் போனால் கூன் வேலி வரும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், வெர்னான் கவுன்ட்டி. ஜூலை மாதத்தில் அங்கே ஏதாவது ஒரு மேட்டில் நின்று பார்க்க வேண்டும். மலைச்சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து ஒரு பட்டை மக்காச்சோளம், அடுத்து ஒரு பட்டை குதிரை மசால் என்ற மாட்டுத் தீவனப் பயிர், மறுபடி மக்காச்சோளம். சோளம் கரும்பச்சை, அறுத்துப் போட்ட மசால் வெளிறிய பச்சை. முதல் தடவை பார்த்தபோது அழகுக்காக இப்படிப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாங்கள் காய்கறியும் மாட்டிறைச்சியும் வாங்கும் பண்ணைக்காரர்தான் விளக்கினார். மழைத் தண்ணீர் சோளப் பட்டையில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு இறங்கும். கீழே புல் போல அடர்ந்த மசால் பட்டைக்கு வந்ததும் வேகம் தணிந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே போட்டுவிடும்.

இந்தப் பட்டைகளுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பனிப்பாறைகள் தேய்த்துச் சமமாக்காமல் விட்டுப்போன மேடுபள்ளமான நிலம் இது. குடியேறி வந்தவர்கள் சரிவில் மேலும் கீழுமாக உழுதார்கள், மரங்கள் நின்ற செங்குத்துச் சரிவிலும் மாட்டை மேய விட்டார்கள். 1930 வாக்கில் ஒவ்வொரு பெருமழைக்கும் மேட்டு மண் பள்ளத்தாக்கில் வந்து குவிந்தது. 1933ல் ஹியூ ஹாமண்ட் பென்னட் தலைமையில் புதிதாகத் தொடங்கிய மண் அரிப்புத் துறை, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் சேர்த்துக் காப்பாற்றும் நாட்டின் முதல் திட்டத்துக்கு இங்கே ஓடும் கூன் கிரீக் ஓடையைத் தேர்ந்தெடுத்தது. 400க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விதை, சுண்ணாம்பு, உரம் எல்லாம் அரசு கொடுத்தது. வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை முகாமில் தங்கவைத்து வேலைக்கு அனுப்பியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, விவரம் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு பண்ணையாக நடந்து பார்த்து, அந்தந்தப் பண்ணைக்கென்று தனித் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வாஷிங்டனில் விவசாய மானியத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எத்தனை பில்லியன் டாலர் என்பதோடு முடிந்துவிடுகிறது. வயலுக்கு வந்து கூடவே நடக்கும் ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது இருக்கும் முறை என்ன? மண், நீர் பாதுகாப்பு வேலைகளுக்கு உதவ 1996ல் வந்த ஈக்விப் என்ற திட்டம் இருக்கிறது. வேலி, மாட்டுக்குத் தண்ணீர்க் குழாய், வெறும் மண்ணை மூடிக் காக்க விதைக்கும் மூடுபயிர் என்று பலவற்றுக்குச் செலவில் பெரும் பகுதியை அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் விவசாயி முதலில் தன் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகுதான் பணம் வரும். 2010 முதல் 2020 வரை விண்ணப்பித்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஒப்பந்தமே கிடைத்தது. 2022ல் பாதுகாப்புத் திட்டங்களுக்காகக் கூடுதலாக 19 பில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் 2025 தொடக்கத்தில் அந்த நிதியை நிறுத்தி வைத்தபோது, கையெழுத்தான ஒப்பந்தத்தை நம்பி ஏற்கெனவே செலவு செய்திருந்த விவசாயிகள் நாடு முழுக்கத் தவித்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். அதே ஆண்டில் வேளாண் துறையிலிருந்து 15,000க்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே வேலையை விடும் விலகல் திட்டத்தை ஏற்று வெளியேறினார்கள். பணத்தைத் திரும்ப ஒதுக்கிவிடலாம். ஒரு மலைச்சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இருபது வருஷம் நடந்து தெரிந்துகொண்ட ஆளை எங்கே போய்த் தேடுவது?

“தன் நிலத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, அதற்கு எதற்கு நம் வரிப்பணம்?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அரசு ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, வேறு பக்கமாக. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசுப் பணம். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் அது பெரிய தைரியம். புல்லுக்கு அந்த அளவு ஆதரவு கிடையாது.

அப்புறம் மாடு. பட்டைக்குப் பட்டை மசால் நின்றதற்குக் காரணம் அதைத் தின்ன மாடு இருந்ததுதான். 2004ல் விஸ்கான்சினில் 15,000க்கு மேல் பால் பண்ணைகள் இருந்தன. இன்று 6,000க்கும் கீழே. பால் விலை கட்டாமல் மாட்டை விற்றவர் மசாலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பட்டையை உழுதுவிட்டு மேலிருந்து கீழ்வரை சோளமோ சோயாவோ போடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரிவை உழுதால் தைரியம் கொடுத்துவிட்டு, புல்லை வைத்திருப்பவரை வரிசையில் நிற்க வைக்கிற கொள்கைதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

2018 ஆகஸ்ட் 27 இரவு இங்கே சில இடங்களில் 10 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. கூன் கிரீக் பகுதியில் மூன்று, பக்கத்து கிக்கபூ ஆற்றின் மேற்குக் கிளையில் இரண்டு என ஐந்து மண் அணைகள் உடைந்தன. அணைக்கரை போய் முட்டுகிற மணற்பாறை மலை விரிசல் விட்டு, அதன் வழியே தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டுவதில் பயனில்லை, மிச்சமிருக்கும் அணைகளையும் எடுத்துவிடலாம் என்றே பிறகு பரிந்துரைத்தார்கள். சரி, அணை இல்லையென்றால் கீழே இருக்கும் ஊருக்கு வேறு என்ன காவல்? மேலே சரிவில் மழையை உறிஞ்சும் மண்ணும் புல்லும்தான். மேட்டில் ஒருவர் வைத்திருக்கும் புல் பட்டை பள்ளத்தில் இருப்பவரின் வீட்டைக் காக்கிறது என்றால், அதன் செலவில் நமக்கும் பங்கு உண்டு.

போன மாதம் அந்தப் பண்ணைக்குப் போயிருந்தோம். சோளம் போட்டுவந்த ஒரு சரிவை மேய்ச்சலுக்கு மாற்ற அவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். மேட்டில் பாதி தூரம் வேலி நிற்கிறது. மீதிக் கம்பங்கள் கட்டுப் பிரிக்காமல் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தன. இருந்த சேமிப்பை முதல் பாதியில் போட்டாகிவிட்டது, மீதிக்குக் கடன் வாங்க அவர் மனைவிக்குப் பயம். வேலி முடியாத இடத்திலிருந்து கீழே இந்த வருஷமும் சோளம்தான் நிற்கிறது. அதன் நடுவில் என் முழங்கால் ஆழத்துக்குப் புதிதாக ஒரு பள்ளம் அறுத்திருக்கிறது.