பறவை பார்க்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

வெப்பமண்டல ஏரிகளுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் திட்டத்தைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் விடுமுறை நாட்களைக் குறிக்கிறார்கள். அடுத்து, பார்த்தே தீர வேண்டிய பறவைகளின் பட்டியல். அந்தப் பட்டியலை நிரப்ப, ஐந்து நாட்களுக்குள் நான்கு ஏரிகள். ஏரியில் தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது என்ற கேள்வி, வண்டி கரையில் போய் நின்ற பிறகுதான் எழுகிறது. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

நீர்ப்பறவையின் வாழ்க்கை அதன் கால் நீளத்திலும் அலகு நீளத்திலும் அடங்கியிருக்கிறது. கொசு உள்ளானுக்குச் சேறும் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலமும் வேண்டும். நாரைக்கு முழங்கால் ஆழம் தாங்கும். கூழைக்கடாவுக்கு நீந்த இடம் வேண்டும். ஒரு சாண் நீர் ஏறினால் உள்ளான்கள் அந்தக் கரையை விட்டே கிளம்பிவிடும். அதே ஏரி, அதே மாதம். ஆனால் போன வருடம் நண்பர் எடுத்த படத்தில் இருந்த பறவைகள் இந்த வருடம் அங்கே இருக்கமாட்டா.

கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியைப் பாருங்கள். மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேற வேண்டிய நீர் திசை மாறி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. வறண்ட காலத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி, 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து காட்டையே மூழ்கடிக்கிறது. நீர் வடியத் தொடங்கியதும் ப்ரெக் தோல் பகுதியின் மரங்களில் கூழைக்கடாக்களும் நாரைகளும் பாம்புத்தாராக்களும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. நீர் நன்றாக வடிந்துவிட்டாலோ படகு உள்ளே போக முடியாது. இடைப்பட்ட சில மாதங்களே நமக்கானவை.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் நளபனா தீவு மழைக்காலத்தில் நீருக்கடியில் போய்விடுகிறது. மழை ஓய்ந்து நீர் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டுகின்றன. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இறங்குவதும் அந்தச் சமயத்தில்தான்.

கென்யாவின் நகுரு ஏரி இன்னும் கசப்பான பாடம். அங்கே கரை முழுவதும் இளஞ்சிவப்பாக நின்ற சிறு பூநாரைகளின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அவை உண்பது உவர்நீரில் செழிக்கும் நுண்பாசியை. 2010-க்குப் பிறகு ஏரி பெருகி, அதைச் சூழ்ந்த தேசியப் பூங்காவின் பழைய நுழைவாயிலையே மூழ்கடித்தது. உவர்ப்பு குறைந்தது, பாசி குறைந்தது, பூநாரைகளில் பெரும்பகுதி போகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்விட்டது. பழைய படத்தை நம்பி டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும். பறவைகள் எங்கும் தொலைந்துபோகவில்லை. தங்களுக்கான நீரைத் தேடிப் போயின.

நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே அறிய வழி இருக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இணையத்தில் இலவசம். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் வரும். மேகம் மறைக்காத நாளாகப் பார்த்து, கரை எங்கே நிற்கிறது, சேற்றுப் பரப்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிடலாம். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இ-பேர்ட் இணையதளத்தில் எந்தப் பறவை எந்த வாரத்தில் பதிவாகியிருக்கிறது என்ற வரைபடமும் உதவும். ஆனால் அது பல ஆண்டுகளின் சராசரி, இந்த ஆண்டின் மழை அதற்குத் தெரியாது. எனவே படகோட்டியிடமோ உள்ளூர் வழிகாட்டியிடமோ நேரடியாகப் பேசிவிடுங்கள். “என்னென்ன பறவை இருக்கிறது?” என்று கேட்டால் நம்மை மகிழ்விக்கும் பதில் வரும். “இப்போது படகு எதுவரை போகிறது, எந்த இடத்தில் தரை தட்டுகிறது?” என்று கேளுங்கள். உண்மை நிலவரம் வரும்.

அடுத்து, ஒரே ஏரியில் தங்குங்கள். நான்கு ஏரிகளுக்கு ஓடுகிறவர் காலையின் முதல் இரண்டு மணி நேரத்தைச் சாலையில் தொலைக்கிறார். வெயில் ஏறி நீர்ப்பரப்பின் மேல் கானல் நடுங்கத் தொடங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த தொலைநோக்கியும் பயன்படாது.

விக்டோரியா ஏரியின் கரையில் உகாண்டாவின் மபாம்பா சதுப்பு நிலம் இருக்கிறது. எல்லோரும் ஷூபில் பறவைக்காகப் போகிறார்கள். விலாங்கு போல நீண்ட நுரையீரல் மீனுக்காக அசையாமல் காத்திருக்கும் பெரும்பறவை அது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கண்டதும் படகைத் திருப்பச் சொல்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அல்லி இலைகளின் மேல் ஆப்பிரிக்க இலைக்கோழி நடந்துகொண்டிருக்கும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அங்கே ஆணின் வேலை. ஆபத்து என்று பட்டால் ஆண் பறவை தாழ்ந்து உட்காரும், குஞ்சுகள் சிறகுக்கடியில் நுழையும், அது எழுந்து நடக்கும். அப்போது பறவையின் இரு பக்கமும் குஞ்சுகளின் நீளமான கால்விரல்கள் கொத்தாகத் தொங்கும். இதைக் காண எந்த அபூர்வத் திறமையும் தேவையில்லை. படகு ஓரிடத்தில் நிற்க வேண்டும், நாம் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தையும் திட்டத்தில் சேருங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் மேற்குக் கரை. சூரியன் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. படகில் கை ஆடும் என்பதால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதை விட 8 மடங்கு காட்டும் 8x42 பைனாகுலரே மேல். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் ஈரக்காற்றில் அதன் கண்ணாடியில் நீர்த்துளி படிந்து மங்கிவிடும், சற்று முன்பே வராந்தாவில் வைத்துவிடுங்கள். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கை அரிக்கும். பூசிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள். மலேரியா உள்ள பகுதி என்றால் மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள்.

கூடுகள் விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. படத்துக்காகக் கூட்டருகே படகைச் செலுத்தச் சொல்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. தாய்ப்பறவை எழுந்து பறந்தால், நண்பகல் வெயில் முட்டையையும் இறகு முளைக்காத குஞ்சையும் சில நிமிடங்களில் வாட்டிவிடும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கின்றன. படகோட்டிக்கு இது தெரியாமல் இல்லை. கூடுதல் பணம் தருகிறேன் என்று வற்புறுத்துகிறவர் நாம்தான். சிலிகாவின் மங்கலஜோடியில் ஒருகாலத்தில் பறவைகளை வேட்டையாடியவர்களே இன்று அவற்றைக் காக்கிறார்கள், கழி ஊன்றிச் சத்தமில்லாமல் படகு செலுத்துகிறார்கள். அவர்கள் கடைப்பிடிக்கும் இடைவெளியைக் குறைக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? எனவே படகில் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்: கூடு தெரிந்தால் நெருங்க வேண்டாம், மோட்டார் படகு என்றால் தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிடட்டும், எதுவும் தென்படாவிட்டாலும் பேசிய பணம் முழுவதும் உண்டு.