2050 இருக்கட்டும், இந்த ஐப்பசிக்கு என்ன?

சென்னை மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானது. 2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது நகரம் வெளியிடும் கார்பனும் ஈடுசெய்யும் கார்பனும் சமமாவது, என்பது இலக்கு. மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும், எளிய மக்களின் நலம் என்று ஆறு தலைப்புகள். முந்தைய ஆண்டு வரைவு வந்தபோது முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் போட்டார்கள். யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வார்டின் எஸ்டிமேட்டில் ஒரு வரியாக வராதவரை அது கம்ப்யூட்டரில் தூங்கும் ஒரு பிடிஎஃப், அவ்வளவுதான்.

வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். மழைநீர் வடிகால் கட்டினால் மட்டும் போதாது, வாட்டம், அதாவது தண்ணீர் தானாக ஓடும் சரிவு, வேண்டும். ரோட்டு மட்டத்தை வைத்து வாட்டம் பார்த்தால் காரியம் கெட்டது. தண்ணீர் போய்ச் சேரும் கால்வாயின் அடிமட்டத்தில் தொடங்கி, பின்னோக்கித் தெருவரைக்கும் அளந்து வர வேண்டும். நடுவில் மின்கேபிளோ பெரிய மரமோ குறுக்கே வந்தால் பத்தடியை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் தொடருவார்கள். அந்தப் பத்தடியால் மொத்த வடிகாலும் தொட்டியாகிவிடும். யாராவது இரவோடு இரவாகக் கழிவுநீர்க் குழாயையும் அதில் சொருகிவிட்டால் வருஷம் முழுக்கக் கொசுவும் சேறும்தான். மண்ணும் சேறும் தங்கும் வண்டல் வடிகட்டித் தொட்டி நிறைந்திருந்தால் புது வடிகாலும் முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ரோடு. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு போட வேண்டும் என்று 2021லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டாமல் 4 செ.மீ. கனத்தில் நாலு தடவை போட்டால் ரோடு 16 செ.மீ. ஏறும். அரை அடிக்கும் மேல், அதாவது உங்கள் வாசலில் ஒரு படி காலி. அதன்பிறகு தெருத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குள் வரும்.

மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். வழியில் போகிறது போக 4,000 லிட்டராவது குழாய் வழியே இறங்கும். அதை நிலத்துக்குள் இறக்க வெட்டும் 3 அடி விட்டம், 5 அடி ஆழக் குழியின் மொத்தக் கொள்ளளவே ஆயிரம் லிட்டர்தான். அதில் ஜல்லியை நிரப்பியபின் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் ஏறக்குறைய 400 லிட்டர். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பூமியில் அது உறிஞ்ச உறிஞ்ச மேலும் இறங்கும். களிமண் பகுதியில் நிரம்பி வழியும். அங்கே குழியின் அடியிலிருந்து மணல் தட்டும்வரை ஒரு துளை இறக்க வேண்டும். வீட்டில் பழைய கிணறு இருந்தால் குழியே வேண்டாம், வடிகட்டிவிட்டு அதில் விடுங்கள். கிணற்றைத் தூர்த்துக் கார் நிறுத்தும் இடமாக்கியவர்களுக்கு என்ன சொல்வது! வடிகட்டுவதற்காக மேலாகப் போட்டிருக்கும் மணலைப் புரட்டாசிக்குள் அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் பாசியும் தூசியும் சேர்ந்து மூடிவிடும்.

வெயிலுக்குத் தகரக் கூரைமேல் வெள்ளைப் பூச்சு நல்ல யோசனைதான், செலவும் குறைவு. தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ ஆள் வேண்டும்.

எனக்கு உறுத்துவது மறுகுடியமர்வு. ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று சொல்லி மக்களைப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்ற அதே சதுப்பு நிலம். வேலையும் பள்ளியும் பழைய இடத்தில், வெள்ளம் மட்டும் புது வாசலில். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் எனக்குப் புரியவில்லை.

சென்னையின் 200 வார்டுகளிலும் பகுதி சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், கூட்டலாம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் இதைத் தொடங்கினார்கள். அங்கே போய்க் கார்பன் பற்றிப் பேச வேண்டாம். எங்கள் தெரு வடிகாலில் விடுபட்ட இடங்கள் எத்தனை, கடைசியாக வண்டல் அள்ளிய தேதி என்ன, ரோடு போடும் எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலைக்குப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ரோடு போடுமுன் வாசற்படி தெரிய ஒரு போட்டோ, போட்ட பிறகு ஒரு போட்டோ. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள்.