பேர் வராத வியாதியும் பேசாத சிப்பியும்

சபாபதி: கோமதி, அந்த இதைக் கொஞ்சம் எடேன்.

கோமதி: எதை?

சபாபதி: அதுதான், ரெண்டு ஓட்டையில விரலை விட்டு நறுக் நறுக்கென்று... அட, அது!

கோமதி: சரி, முதல் எழுத்து தருகிறேன். க.

சபாபதி: கரண்டி.

கோமதி: கரண்டியில் எங்கே விரலை விடுவீர்கள்? கத்தரி.

சபாபதி: வெயிலா?

கோமதி: கடவுளே!

சபாபதி: சிரிக்காதே, இதற்கு நரம்பியலில் அனோமியா என்று பேர். பொருளைப் பார்த்தால் தெரியும், எதற்குப் பயன்படும் என்று விளக்கவும் முடியும், பேர் மட்டும் வாயில் வராது. இப்போது நீ முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாயே, பேச்சுப் பயிற்சி தருகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோமதி: அது பக்கவாதம் மாதிரி ஏதாவது வந்து, பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் படுகிற பாடு. தினம் கையில் எடுக்கிற சீப்புக்கே பேர் வராமல் தவித்துப் போகிறார்கள் பாவம். உங்களுக்கு என் தம்பி பேர் வராது, ஆனால் உங்களிடம் கடன் வாங்கினவன் பேர் மட்டும் வட்டியோடு வருகிறது.

சபாபதி: ஆள் பேர் மறப்பது எல்லாருக்கும் உண்டு.

கோமதி: அதைத்தான் நானும் சொல்கிறேன், அதற்கெல்லாம் வியாதிப் பட்டம் கேட்காதீர்கள். திடீரென்று வாய் கோணி, பேச்சு குழறி, பேரும் வராமல் போனால் உடனே சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடலாம்.

சபாபதி: பேச்சே குழறும்போது எப்படிச் சொல்வேன்?

கோமதி: இதற்கு மட்டும் பதில் டக்கென்று வருகிறது பாருங்கள்! நானும் போனில் அனோமியா என்று தேடினேன், சிப்பி வருகிறது.

சபாபதி: சிப்பியா?

கோமதி: எழுத்து மாறாமல் அதே பேர். செடி, பிராணிகளுக்கெல்லாம் அறிவியல் பேர் வைத்த லின்னேயஸ் என்ற அறிஞர் 1758இல் வைத்தது. பிராக்கியோபாட் என்று ஒன்று, பார்க்கச் சிப்பி போலவே இருக்கும், ஆனால் வேறு இனம், அதில் சிலவற்றையும் இதே பேரில் போட்டு வைத்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் பிரித்தெடுத்தார்கள்.

சபாபதி: பார்த்தாயா, உலகத்துக்கே பேர் வைத்தவருக்கே பேர்க் குழப்பம்!

கோமதி: முழுசாகக் கேளுங்கள். அதன் கீழ் ஓட்டில் ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாகச் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியான தண்டு ஒன்றை விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அங்கேயேதான் வாசம். எதன் மேல் உட்கார்ந்ததோ அதன் வடிவமே ஓட்டுக்கும் வந்துவிடும், வரிவரியான வேறு சிப்பி மேல் வளர்ந்தால் இதற்கும் வரி விழும்.

சபாபதி: நல்ல பிராணிதான், அதற்கு ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்?

கோமதி: எழுந்து சோபாவைப் பாருங்கள், யார் வடிவம் யாருக்கு வந்திருக்கிறது என்று அப்புறம் பேசலாம்.

சபாபதி: நான் சிப்பி என்கிறாயா?

கோமதி: சேச்சே, சிப்பி அழகு. கரை ஒதுங்கிய ஓடுகள் மெல்லிசாக, மஞ்சளும் வெள்ளியுமாக மினுங்குமாம். ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் சலங்கைச் சத்தம் வருமாம், அதனால் இங்கிலீஷில் ஜிங்கிள் ஷெல் என்றே பேர்.

சபாபதி: அதெல்லாம் செத்த பிறகு. உயிரோடு இருக்கும்போது?

கோமதி: அசையாது, அதை எடு இதை எடு என்று கேட்காது. உங்களுக்கு அது எவ்வளவோ தேவலை.